வாள்மீனின் நிறம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற சனிக்கிழமை எமது கடையில் வெட்டிக் கொடுத்த வாள்மீனின் சதை செம்மஞ்சளாக இருந்ததைக் கண்டு, நாங்கள் மீனுக்குச் சாயம் பூசி விற்பதாக ஒருவர் அனுப்பிய படம் உப்புவெளியிலிருந்து சீனக்குடா வரை கைமாறிவிட்டதாக அறிகிறோம். நிறுவையில் குறை என்று சொல்லியிருந்தால் தராசைக் காட்டிப் பேசியிருப்போம். சாயம் என்ற சொல்லைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

வாள்மீனின் சதை பெரும்பாலும் வெளிறியே இருக்கும். ஆனால் இறாலை அதிகம் தின்று வளர்ந்த மீனில், இறாலை அவிக்கும்போது சிவக்கச் செய்கிற அதே இயற்கை நிறமி சதையில் படிந்து, அதைச் செம்மஞ்சளாக்கிவிடுகிறது. ஆகவே ஒரே படகில் வந்த இரண்டு மீன்கள் இரண்டு நிறமாக இருக்கக்கூடும். சாயமென்றால் கழுவும் தண்ணீரில் கரைய வேண்டாமா? படம் எடுத்தவர் அதையாவது பார்த்திருக்கலாம்.

இதை வாளை மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மேல்தாடை வாள்போல் நீண்ட இந்த ஆழ்கடல் மீனுக்கு வளர்ந்தபின் பல்லும் இல்லை, செதிலும் இல்லை. பகலில் 500 மீட்டருக்கும் கீழே குளிர்ந்த இருளில் திரிந்து, இரவில் கணவாயையும் சிறு மீன்களையும் தேடி மேலே வரும். அதனால்தான் பலநாள் படகுக்காரர் இதற்கு இரவில் தூண்டில் விடுகிறார்கள். அந்தக் குளிரிலும் பார்வை மங்காதபடி, கண்ணருகே உள்ள ஒரு தசை வெப்பம் உண்டாக்கி, கண்ணையும் மூளையையும் சூடாக வைத்திருக்கிறது. முப்பது வருடமாக மீன் வெட்டும் எங்களுக்கே இது அண்மையில்தான் தெரிந்தது.

மீன் பழுதா என்று அறிய, துண்டத்தின் ஓரத்திலுள்ள இரத்தச் சதையைப் பாருங்கள். அது நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் தயங்காமல் திருப்பித் தாருங்கள், பணத்தைத் தருகிறோம். பெரிய மீன்களில் பாதரசம் சேர்வதால் கர்ப்பிணித் தாய்மாரும் சிறுபிள்ளைகளும் வாள்மீனைத் தவிர்ப்பது நல்லது என்பதையும் இத்துடன் சொல்லிவிடுகிறோம்.

படத்தைக் கண்ட பின்னரும் மறுநாள் காலையில் வழமைபோலப் பையோடு வந்து, “என்ன அண்ணை, இன்றைக்கு என்ன நிறம்?” என்று சிரித்துக்கொண்டே கேட்ட அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. இனி வாள்மீனை உங்கள் கண்முன்னேயே வெட்டித் தருவோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
திருகோணமலை