மஞ்சள், பச்சை, சிவப்பு நாடா பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கடந்த திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மஞ்சள், பச்சை, சிவப்பு நிற நாடாவைத் தலையில் கட்டிக்கொண்டு பேசினாள். மதிய உணவு மணி அடிப்பதற்குள் நான்கு பெற்றோர் தொலைபேசியில் என்னை அழைத்துவிட்டார்கள். அது எந்தக் கட்சிக் கொடி என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நம் ஊர்க் கட்சி எதற்கும் அதில் பங்கில்லை. துருக்கி, ஈராக், ஈரான், சிரியா ஆகிய நாடுகளில் பரவி வாழும் குர்திய மக்களின் நிறங்கள் அவை. அவள் பேசியது துருக்கியின் குர்திய அரசியல்வாதி லெய்லா ஸானாவைப் பற்றி.

1961இல் துருக்கியின் தென்கிழக்கில், சில்வானுக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர் ஸானா. பதினான்கு வயதில் தன்னைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்த உறவினர் மெஹ்தி ஸானாவுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். அந்த மெஹ்தி 1977இல் தியர்பக்கிர் நகரத்தின் மேயரானார். 1980இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சிறைக்குப் போனார். கைக்குழந்தைகளோடு சிறைவாசலில் காத்திருந்த மனைவிக்கோ குர்திய மொழிதான் தெரியும். உள்ளே துருக்கிய மொழியில் மட்டுமே பேச அனுமதி. ஆகவே அந்த மொழியைக் கற்றார். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்திராத அவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பின், நாம் தனித்தேர்வர் என்போமே, அப்படி எழுதித் தேர்ச்சி பெற்றார். மாணவி இந்தப் பகுதியை இரண்டு வரிகளில் முடித்துவிட்டாள். எனக்கு அதில் சற்று வருத்தம்தான்.

அவள் மனம் லயித்தது 1991இல். அந்த ஆண்டு ஸானா துருக்கி நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அமர்ந்த முதல் குர்தியப் பெண் அவர்தான். பதவிப் பிரமாணத்தை விதிப்படி துருக்கிய மொழியில் வாசித்தவர், முடிவில் ஒரே ஒரு வாக்கியத்தைக் குர்திய மொழியில் சேர்த்தார். துருக்கிய மக்களும் குர்திய மக்களும் சகோதரர்களாக வாழ்வதற்காகவே இந்த உறுதிமொழி என்பது அதன் பொருள். அவையில் பெரும் கூச்சல் எழுந்தது. அன்று அவர் தலையில் இருந்ததுதான் இந்த மூவண்ண நாடா.

இங்கே ஒரு திருத்தம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பத்து ஆண்டு சிறை என்று மாணவி சொன்னாள். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் 1994இல் உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பு பறிக்கப்பட்டு, ஆயுதக் குழுவைச் சேர்ந்தவர் என்ற குற்றச்சாட்டின்பேரில்தான் 15 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அதை மறுத்தார். விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. சிறையில் இருந்தபோதே, 1995இல், சிந்தனைச் சுதந்திரத்துக்காக ஐரோப்பிய நாடாளுமன்றம் வழங்கும் சகாரோவ் பரிசு கிடைத்தது. 2004இல் விடுதலையான பிறகே நேரில் போய்ப் பெற்றுக்கொண்டார்.

2015இல் மீண்டும் உறுப்பினரானபோது, பிரமாணத்தில் 'துருக்கிய' என்பதைத் 'துருக்கி' என்று மாற்றி வாசித்தார். ஓர் இனத்தின் பெயர் நாட்டின் பெயராகிவிட்டது. பிரமாணம் செல்லாது என்றார்கள். அவர் திரும்ப வாசிக்கவில்லை. 2018இல் பதவி போயிற்று.

பள்ளியில் அரசியல் எதற்கு என்று ஒரு தந்தை கேட்டார். ஸானாவின் நிலைப்பாடுகளைப் பிள்ளைகள் ஏற்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பில் இருவர் அவற்றை எதிர்த்தே பேசினார்கள், நன்றாகவும் பேசினார்கள். ஒருவரது வாழ்க்கையைச் சொல்லும்போது அவர் செய்த வேலையை மட்டும் மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த மாணவியைப் பற்றி வீட்டில் கடுமையாகப் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தண்டனை பற்றிய பகுதியைத் திருத்தி எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். தனித்தேர்வு பற்றி இன்னும் ஒரு பத்தியும் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை முதல் கட்டுரை நூலகப் பலகையில் இருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் வந்து படிக்கலாம். நானும் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்