மாட்ரிகல் என்றால் ஜெசுவால்தோ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த மாட்ரிகல் கட்டுரையை, அதாவது பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் கவிதைகளைப் பல குரல்களில் பாட அமைத்த பாடல் வகையைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்த இசையைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களே குறைவு; அதற்கு நன்றி. ஆனால் இத்தாலிய இசையமைப்பாளர் ஜெசுவால்தோ 1590இல் தன் மனைவியையும் அவரது காதலரையும் கொன்ற கதையே பாதிக் கட்டுரையை விழுங்கிவிட்டது. பாடியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதே ஜெசுவால்தோ 1594இல் மறுமணம் செய்துகொள்ள வட இத்தாலியின் ஃபெராராவுக்குப் போனார். அங்கே பிரபு இரண்டாம் அல்ஃபோன்சோவின் அரண்மனையில் 1580 முதலே லாரா பெவெராரா, அன்னா குவாரினி, லிவியா தார்கோ ஆகியோர் பாடிவந்தார்கள். பெயருக்குத்தான் பிரபுவின் மனைவிக்குத் தோழிகள், அமர்த்தியது பாடுவதற்கு. லாரா ஹார்ப், அன்னா லூட், லிவியா வியோல் என்று நரம்பு வாத்தியங்களை வாசிக்கவும் செய்தார்கள். அழைப்புள்ள சிலர் மட்டுமே கேட்கலாம். இவர்களுக்காக அரண்மனை இசையமைப்பாளர் லுட்சாஸ்கோ லுட்சாஸ்கி எழுதிய பாடல்கள் பிரபு இருந்தவரை வெளியே போகவில்லை. அவர் 1597இல் வாரிசில்லாமல் இறந்து, மறு வருடம் ஃபெராரா போப்பின் கைக்குப் போனது. அப்புறம் 1601இல்தான் ரோமில் அச்சேறின.

அந்தப் புத்தகம் ஒரு பொக்கிஷம். பொதுவாக மாட்ரிகலை அச்சிடும்போது மெட்டு மட்டும் இருக்கும். அலங்காரம் பாடுபவர் பாடு. லுட்சாஸ்கியோ, நாம் பிர்கா என்கிறோமே, அதுபோன்ற வேக ஓட்டங்களையும் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிவைத்தார். மூன்று பேர் சேர்ந்து பாடும்போது ஆளுக்கொரு பக்கம் ஓட முடியாதே! அவர்கள் எப்படிப் பாடினார்கள் என்று இன்று ஊகிக்க முடிவதே இதனால்தான்.

சரி, கொலைதான் வேண்டுமென்றால், 1598இல் கணவரே கொன்ற அன்னாவைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் 'க்ரூடா அமரில்லி' என்ற மாட்ரிகலுக்கு வரிகள் தந்த கவிஞர் குவாரினியின் மகள் அவர்.

அடுத்த முறை இசையமைப்பாளர் மத்தலேனா கசுலானாவுக்கும் இடம் கொடுங்கள். ஐரோப்பாவில் ஒரு பெண் தன் பெயரிலேயே அச்சில் கொண்டுவந்த முதல் இசைத் தொகுப்பு, 1568இல் வெனிஸில் வெளியான அவருடைய மாட்ரிகல் புத்தகம்தான். அறிவு தங்களுக்கு மட்டுமே வாய்த்தது என்று நம்பும் ஆண்களின் பிழையை உலகுக்குக் காட்ட விரும்புவதாக அதன் சமர்ப்பணத்திலேயே எழுதியிருக்கிறார். எந்தப் பதிவுகளைக் கேட்கலாம் என்று ஒரு பெட்டிச் செய்தியும் போட்டால் புதியவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருச்சி