தொழிற்சாலைப் பெண்களின் புகார்: ஞாயிறு கூட்டம்

குடியிருப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தோட்டத்தை ஒட்டியுள்ள தொழிற்சாலையில் வேலை செய்யும் நேப்பாள, மியன்மார் இளம்பெண்கள் ஆள்பல இலாகாவில் (தொழிலாளர் துறை) புகார் கொடுக்க நம் உதவியைக் கேட்டிருப்பதால், 12.10.2025 ஞாயிறு மாலை 4 மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம்.

மலேசியாவில் மாதச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையக் கூடாது என்பதும், கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி என்பதும் அவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்ட சட்டமே. ஒரு பெண் நாள்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் குறித்து வைத்திருந்த கூடுதல் நேரம் 62 மணி. சம்பளச் சீட்டில் இருந்ததோ 20. அவளுடைய கடப்பிதழும் (பாஸ்போர்ட்) முகவரிடம் இருக்கிறது. பிறர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

1. மலாய்மொழியில் படிவம் நிரப்பத் தெரிந்த நால்வர் தேவை. பெண்களாக இருந்தால் அவர்கள் கூச்சமின்றிப் பேசுவார்கள்.
2. வேன் வைத்திருப்போர் 3.30க்கு விடுதி வாசலுக்கு வரவும்.
3. சம்பளச் சீட்டுகளை நகலெடுக்க வேண்டும்; மூலத்தை யாரும் வாங்கி வைக்கக் கூடாது.
4. அவர்களின் பெயரையோ படத்தையோ எங்கும் பகிர வேண்டாம். சென்ற முறை நாமே அவசரப்பட்டுப் பகிர்ந்ததால் ஒரு பெண் வேலையை இழந்தாள்.

வர இயலுமா என்பதை வியாழன் இரவுக்குள் தெரிவிக்கவும்.

செயலாளர்