பாப்பாவுக்கு: வாங்கின புத்தகம் போதும், இனி எழுதிப் பழகு

தண்டையார்பேட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா,

நீ போட்டோ எடுத்து அனுப்பின குரூப் 4 மாதிரித் தேர்வுத் தாளைப் பெரிசாக்கி ஒவ்வொரு வட்டமாப் பார்த்தேன். 200-க்கு 137 சரி. தப்பான 63-ஐ ஒரு தாள்ல பிரிச்சு எழுதினேன். நிஜமாவே உனக்குத் தெரியாதது 29. கேள்வியை அவசரமாப் படிச்சதுல போனது 15. வழி சரியா இருந்தும் கணக்குல கை தவறினது 12. நேரம் பத்தாம ‘விடை தெரியவில்லை’ன்னு ‘ஈ’ (E) வட்டத்தைக் கருப்பாக்கினது 7. அதாவது 34 கேள்வி, ஒண்ணுக்கு ஒன்றரை மார்க் வீதம் 51 மார்க், உனக்குத் தெரிஞ்ச இடத்துலயே போயிருக்கு. லட்சக்கணக்கானவங்க எழுதுற குரூப் 4-ல இது சின்ன விஷயம் இல்லைம்மா.

அதனால "இன்னும் எந்த கைடு வாங்கட்டும்"னு நீ கேட்டதுக்குப் பதில்: ஒண்ணும் வேண்டாம். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடப் புத்தகம் உன்கிட்ட இருக்கு. பழைய கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் தேர்வு நடத்துற டிஎன்பிஎஸ்சி தளத்துலயே இலவசமாக் கிடைக்கும். கடையில விக்கிற வினா வங்கியில விடை தப்பா அச்சாகி வர்றது உண்டு. அதை நம்பி மனப்பாடம் பண்ணினா பிறகு அழிக்கறது கஷ்டம். பழைய தாள்லயும் முதல்ல போடுற உத்தேச விடையை வெச்சுத் திருத்தாதே. ஆட்சேபணை எல்லாம் பார்த்த பிறகு வர்ற இறுதி விடையை எடு, சில கேள்விக்கு விடை மாறியிருக்கும்.

உனக்குக் குறையுறது எழுதுற பழக்கம். செல்போன் ஆப்ல தொட்டுத் தொட்டு விடை சொல்றது இதுக்கு உதவாது. அது ஒரு கேள்வியை மட்டும் காட்டி உடனே சரி, தப்புன்னு சொல்லிடும். ஹால்ல அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க. 200 கேள்வியும் ஒண்ணா முன்னாடி கிடக்கும், சந்தேகத்தோடயே அடுத்ததுக்குப் போகணும். அந்தச் சந்தேகத்தைத் தாங்கறதுக்குத்தான் பயிற்சி.

ஷிஃப்ட் இல்லாத ஞாயிறு காலை 9.30-ல இருந்து 12.30 வரைக்கும் முழுத் தேர்வு எழுது. நிஜத் தேர்வும் அதே நேரம்தான். வட்டத்தைக் கருப்பாக்குற விடைத்தாளை, அதான் ஓஎம்ஆர் தாளை, பிரிண்ட் எடுத்துக்கோ, கருப்பு பால்பாயிண்ட் பேனா மட்டும் வெச்சுக்கோ. பென்சில்ல எழுதிப் பழகினா அழிக்கிற புத்தி வரும். அங்க ஒரு தடவை கருப்பாக்கினா முடிஞ்சது. தமிழ் 100 கேள்விக்கு 55 நிமிஷம். அடுத்து கணக்கு 25-க்கு 40 நிமிஷம். பொது அறிவு 75-க்கு ஒரு மணி நேரம். மீதி 25 நிமிஷம் விட்டுட்டு வந்ததுக்கும் சரிபார்க்கவும். கணக்கைக் கடைசிக்கு வெக்காதேன்னு சொல்றதுக்குக் காரணம் உன் தாள்லயே இருக்கு: கை தவறின 12-ல 9 கடைசி அரை மணி நேரத்துல போட்டது.

ஆனா கணக்கை முன்னாடி கொண்டு வந்தா கேள்வி எண் தாவும், ஓஎம்ஆர்-ல இடமும் தாவும். 101-வது வரியில 176-வது விடையைக் கருப்பாக்கினா கீழ வர்றதெல்லாம் சரிஞ்சிடும். அதனால பத்து கேள்விக்கு ஒரு தடவை, கேள்வித்தாள் எண்ணையும் வட்டத்துக்குப் பக்கத்துல இருக்கிற எண்ணையும் மெதுவா வாய்விட்டுச் சொல்லிப் பாரு. ஒரு பக்கம் முடிஞ்சதும் அந்தப் பக்கத்து விடைகளைக் கருப்பாக்கிடு. மொத்தத்தையும் கடைசியில ஒரே மூச்சுல செய்யலாம்னு வெச்சா, ஒரு வட்டத்துக்கு ஏழு விநாடின்னாலும் 200-க்கு 23 நிமிஷம் ஆகுது. கை நடுங்கற நேரத்துல அந்த 23 நிமிஷம் கிடைக்காது.

‘ஈ’ விஷயத்துல ஒரு முடிவுக்கு வந்துடு. தப்பு விடைக்கு மார்க் குறைக்கிறதில்லை. ‘ஈ’-க்குக் கிடைக்கிறது பூஜ்யம். எந்த வட்டமும் போடாம விட்டாத்தான் கழிப்பாங்க. அப்போ நாலுல ஒண்ணை ஊகிச்சுப் போடுறதுல உனக்கு நஷ்டமே கிடையாது. ரெண்டு விடை நிச்சயமா இல்லைன்னு தள்ள முடிஞ்சா பாதிக்குப் பாதி வாய்ப்பு. நேரம் போயிடுச்சுன்னாலும் ‘ஈ’ போடாதே, ஏதாவது ஒரு எழுத்தைப் போடு. ஓஎம்ஆர் தாள்ல வேற என்னென்ன நிரப்பணும், எதுக்கு எவ்வளவு கழிப்பாங்கன்னு அந்த வருஷத்து ஹால் டிக்கெட்ல இருக்கும். அதை முந்தின நாள் ராத்திரி பார்க்காம, கைக்கு வந்த அன்னிக்கே படிச்சிடு.

தமிழ்ல 150 மார்க்குக்கு 60 வரலைன்னா மீதித் தாளைத் திருத்தவே மாட்டாங்க. உனக்கு அந்தப் பயம் இல்லை. ஆனா 100 கேள்வியில 95 எடுக்கக்கூடிய பகுதியில நீ 74-ல நிக்கிற. போனது பெரும்பாலும் ரெண்டு இடம். ஒண்ணு, ல ள ழ, ர ற. நம்ம பக்கத்துப் பேச்சுல ழகரமும் ளகரமும் ஒரே சத்தமா விழுது, அதனால காதை நம்பி விடை போட்டா தப்பாகும். விலை, விளை, விழை மூணையும் பொருளோட கையால எழுதிப் பாரு: பொருளுக்குக் கொடுக்கிறது, பயிர் செய்யறது, விரும்பறது. தினம் அஞ்சு தொகுதி போதும். அகரவரிசையில தடுமாறுறதுக்கும் இதுதான் வேர். ‘ய ர ல வ ழ ள ற ன’ங்கிற வரிசையில ழ முன்னாடி, ள பின்னாடி. நீ மாத்திப் போட்டிருக்க.

ரெண்டாவது சந்திப்பிழை. விதியை ஒப்பிக்காம இந்த நாலு தொடரை மனசுல வெச்சுக்கோ: ‘படித்துச் சொன்னான்’ – வல்லினம் மிகும், ஏன்னா வன்தொடர்க் குற்றியலுகரம். ‘வந்து சொன்னான்’ – மிகாது, மென்தொடர். ‘வந்த பையன்’ – பெயரெச்சம், மிகாது. ‘அந்தப் பையன்’ – சுட்டு, மிகும். புதுசா ஒரு தொடர் வந்தா இந்த நாலுல எதோட சேருதுன்னு பாரு. வேர்ச்சொல்லும் அப்படித்தான்: ‘வா’ன்னு ஒரு வேரை எடுத்து வந்தான், வந்து, வந்த, வந்தவன், வருதல்னு ஒரே வரியில எழுதி, வினைமுற்று, வினையெச்சம், பெயரெச்சம், வினையாலணையும் பெயர், தொழிற்பெயர்னு மேல பேர் போடு. தினம் மூணு வேர். ஒரு மாசத்துல அந்தப் பகுதியில சந்தேகம் இருக்காது.

கலைச்சொல்லைத் தனித்தனியாப் படிக்காம இனமாச் சேர்த்துப் படி. ஸ்டார்ம் – புயல், டொர்னாடோ – சூறாவளி, டெம்பெஸ்ட் – பெருங்காற்று, வேர்ல்விண்ட் – சுழல்காற்று. நாலையும் ஒரே கேள்வியில பொருத்தச் சொன்னா, உறுதியாத் தெரிஞ்ச ரெண்டை வெச்சு விடைகளைத் தள்ளிக்கிட்டே வந்தா பெரும்பாலும் ஒண்ணுதான் மிஞ்சும். நாலையும் பொருத்திப் பார்த்து நேரத்தைச் செலவு பண்ணாதே.

கணக்குல உன் வழி நல்லா இருக்கு, கேள்வியோட கடைசி வரியைத்தான் விட்டுடுற. ஏ 20 நாள்ல, பி 30 நாள்ல முடிக்கிற வேலை. சேர்ந்து ஆரம்பிச்சு 6 நாள் கழிச்சு ஏ போயிடறார். வேலையை 60 பங்குன்னு வெச்சா ஏ ஒரு நாளைக்கு 3, பி 2. ஆறு நாள்ல 30 பங்கு முடியும், மீதி 30-க்கு பி மட்டும் 15 நாள். இதுவரைக்கும் சரியாப் போட்டு ‘15’ வட்டத்தைக் கருப்பாக்கியிருக்க. கேட்டது மொத்தம் எத்தனை நாள்னு, விடை 21. ரெண்டு எண்ணும் விடையில இருந்தது. கேள்வி போடுறவங்களுக்கு நாம எங்க நிப்போம்னு தெரியும்.

தண்ணித் தொட்டிக் கணக்கும் அதே கதை. விட்டம் 1.4 மீட்டர், உயரம் 2 மீட்டர் உருளைத் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்? ஆரம் 0.7. 22/7 × 0.49 × 2 = 3.08 கன மீட்டர், ஒரு கன மீட்டர் 1000 லிட்டர், ஆக 3,080. விட்டத்தையே ஆரமா எடுத்தா 12,320 வரும், அதுவும் விடையில கண்டிப்பா இருக்கும். நம்ம மொட்டை மாடியில இருக்கிற டேங்க் 1,000 லிட்டர். அதைக் கண்ணுல வெச்சுப் பாரு, அந்த அளவுக்குப் பன்னிரண்டாயிரம் வருமான்னு மனசே சொல்லிடும். கூட்டுவட்டியில ‘அரையாண்டுக்கு ஒருமுறை’ன்னு வந்தா வட்டியைப் பாதியாக்கு, காலத்தை இரட்டிப்பாக்கு: 10,000 ரூபாய், 8 சதவீதம், ஒரு வருஷம்னா வட்டி 816, 800 இல்லை. கேள்வியைப் படிச்சதும் முதல் வேலையா, கேட்டது என்னன்னு ஒரு கோடு போடு. ‘தவறான இணை எது’, ‘பொருந்தாதது எது’ன்னு வந்தா அந்தச் சொல்லைச் சுத்தி வட்டமே போடு. அவசரத்துல போன 15-ல பாதி இதுதான்.

பொது அறிவுல தமிழ்நாட்டு வரலாறும் சமூக இயக்கமும் சேர்ந்த பகுதி 20 கேள்வி, பொருளாதாரமும் வளர்ச்சி நிர்வாகமும் 20. வரலாறு உனக்கு அந்நியமா இருக்கக்கூடாதும்மா, பாதி நம்ம பக்கத்துலயே நடந்தது. ராயபுரம் ஸ்டேஷன்ல இருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டது 1856. ஜெர்மனியோட எம்டன் போர்க்கப்பல் சென்னை மேல குண்டு போட்டது 1914. தியாகராயரும் டி.எம். நாயரும் நடேசனாரும் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது நீதிக்கட்சி, ஆரம்பிச்சது 1916. அந்தத் தியாகராயர் பேர்லதான் நம்ம மெட்ரோ ஸ்டேஷனும் கல்லூரியும் இருக்கு. பெரம்பூர் மில் தொழிலாளிகளுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்தது 1918. அரசு வேலையில இட ஒதுக்கீட்டுக்கான முதல் வகுப்புவாரி அரசாணை 1921. சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினது 1923. இந்த ஆறையும் கலைச்சுப் போட்டு காலவரிசைப்படுத்திப் பழகு. நீதிக்கட்சிப் பத்திரிகைகளைப் பொருத்தச் சொல்வாங்க: ஜஸ்டிஸ் ஆங்கிலம், திராவிடன் தமிழ், ஆந்திர பிரகாசிகா தெலுங்கு.

ஆட்சியியல்ல மாத்திப் போடுற இடத்தை மட்டும் சொல்றேன். அரசியலமைப்புச் சட்டத்தோட 73-வது திருத்தம் ஊராட்சி, 11-வது அட்டவணை, 29 பொருள். 74-வது நகராட்சி, 12-வது அட்டவணை, 18 பொருள். சொத்துரிமையை அடிப்படை உரிமையில இருந்து எடுத்தது 44-வது, 1978. முகவுரையில ‘சமதர்மம்’, ‘மதச்சார்பின்மை’ எல்லாம் சேர்த்தது 42-வது, 1976. நடப்பு நிகழ்வுக்கு தினம் பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

தேர்வு எழுதின அன்னிக்கு மத்தியானம் தூங்கிட்டு சாயங்காலம் திருத்து. திருத்தம் தேர்வை விட அதிக நேரம் எடுக்கணும். தப்பான ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நான் பிரிச்ச மாதிரியே எழுது: தெரியலை, சரியாப் படிக்கலை, கை தவறு, நேரமில்லை. அடுத்த வாரம் எதைப் படிக்கணும்னு அந்தத் தாளே சொல்லும். வார நாள்ல ஒரு மணி நேரம் கிடைச்சாப் போதும், அந்த வாரத் தப்புலயே உட்கார். கம்பெனி பஸ்ல வீடியோ பார்க்கிறதை விட வேர்ச்சொல் வரியை ஒப்பிக்கிறது மேல்.

டைப்பிங் பத்தி: உன்கிட்ட இங்கிலீஷ் ஹையர் (முதுநிலை) இருக்கு. தமிழ்ல லோயராவது (இளநிலை) முடிச்சாத்தான் குரூப் 4-ல வர்ற தட்டச்சர் பதவிக்குத் தகுதி. ரெண்டுலயும் ஹையர் இருக்கிறவங்களுக்கு முன்னுரிமை. பரீட்சை பிப்ரவரி, ஆகஸ்ட்ல வரும். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 சொல், பத்து நிமிஷத்துல 1,500 தட்டு. அறிவிப்பு வந்த பிறகு ஆரம்பிச்சா கைக்கு வராது. கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழையும் மறக்காதே.

நீ ஒண்ணாவதுல இருந்தே தமிழ் மீடியம், தமிழ் வழியில படிச்சவங்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆரம்பப் பள்ளியிலயும் உயர்நிலைப் பள்ளியிலயும் தனித்தனியா சான்று வேணும். டிஎன்பிஎஸ்சி படிவத்தை அப்பா பிரிண்ட் எடுத்துட்டார், இந்த வாரம் ரெண்டு தலைமை ஆசிரியரையும் பார்ப்பார். டிஎன்பிஎஸ்சி தளத்துல நீ பண்ணின நிரந்தரப் பதிவுல (ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன்) உன் பேரும் இனிஷியலும் பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே இருக்கான்னு இன்னிக்கே திறந்து பாரு. அந்தப் பதிவு அஞ்சு வருஷம்தான் செல்லும், உன்னோடது எப்போ முடியுதுன்னும் பாரு.

அடுத்த ஞாயிறு தாளை எழுதி முடிச்சதும், திருத்தறதுக்கு முன்னாடியே போட்டோ அனுப்பு. கேள்வித்தாள் ஓரத்துல நீ போட்ட கணக்கு, கோடு, வட்டம் எல்லாத்தையும் சேர்த்து அனுப்பு. எங்க கை தவறுதுன்னு விடையை விட அதுலதான் தெரியும்.

அம்மா