ட்ரோன் மட்டுமே போர் அல்ல

ஆசிரியருக்கு,

வருங்காலப் போர் முழுக்க ட்ரோன் போர்தான் என்று எழுதுவோர் மேற்கோள் காட்டுவது, உக்ரைனின் அப்போதைய தலைமைத் தளபதி வலேரி சலூஷ்னி 2023 நவம்பரில் எழுதிய கட்டுரையைத்தான். ஆனால் அவர் கேட்டவை வான் ஆதிக்கம், மின்னணுப் போர்த்திறன் (எதிரியின் ரேடியோ அலைகளை முடக்கும் திறன்), எதிரி பீரங்கிகளை ஒடுக்கும் வசதி, கண்ணிவெடி அகற்றும் கருவிகள், பயிற்சி பெற்ற சேமப்படை. இதில் ட்ரோன் ஒரு பகுதிதான்.

ரேடியோவில் இயங்கும் ட்ரோனை, அலைகளைக் குழப்பும் ஜாமர் கருவி முடக்கிவிடும். அதற்கு மாற்றாக வந்ததே கண்ணாடி இழை ட்ரோன். பறக்கும்போதே சுருளிலிருந்து இழை அவிழும். கட்டளை ரேடியோவில் அல்லாமல் இழை வழியே செல்வதால் ஜாமரால் தொட முடியாது. ஆனால் 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இழையின் எடை வெடிபொருளின் எடையைத் தின்றுவிடும். மரக்கிளையில் சிக்கினாலோ, சட்டென்று திரும்பினாலோ இழை அறுந்துவிடும். மழையிலும் பனிமூட்டத்திலும் கேமரா குருடு. அப்போது பீரங்கிதான் கைகொடுக்கும்.

அங்கேதான் உண்மையான நெருக்கடி. 155 மி.மீ. விட்டமுள்ள பீரங்கிக் குண்டு ஒன்று சுமார் 43 கிலோ. உலோகக் கூட்டைச் செய்வதை விட, அதை உந்தும் வெடிமருந்துக்கான நைட்ரோசெல்லுலோஸ் கிடைப்பதுதான் பாடு. அதன் மூலப்பொருள் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு! சில ஆயிரம் குண்டுகள் சுட்டதும் பீரங்கிக் குழல் தேய்ந்து குறி தவறும். மாற்றுக் குழல் செய்யும் ஆலைகளோ உலகிலேயே சொற்பம். தளபதிகளின் பேட்டிகளை வெளியிடும்போது இந்த ஆலைகளின் உற்பத்தித் திறனையும் கேட்டு எழுதுங்கள்.

– ஒரு வாசகர்