300 என்ற எண்ணில் மயங்காதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் எட்டவில்லை, குருவியும் சரி, மைதானத்தில் ஓடுகிறவர்களும் சரி, எல்லாம் புள்ளியாகவே விழுகிறது, கேனன் 75-300 லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்பா. 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் வாங்கு (ஐஎஸ் என்றால் கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர், எஸ்டிஎம் என்றால் ஒரு வகை ஃபோகஸ் மோட்டார்). புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் பழையதாகவே வாங்கிக்கொள், ஆனால் அதையே வாங்கு. "50 மி.மீ. குறைகிறதே அம்மா" என்று நீ சொல்லப்போவது தெரியும். அதற்குத்தான் இந்தக் கணக்கு.

உன் கேமராவின் சென்சார், அதாவது படம் பதியும் தகடு, அகலம் 22.3 மி.மீ. இதை லென்ஸின் மி.மீ.யால் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால், அந்தத் தூரத்தில் எத்தனை அகல இடம் படத்துக்குள் விழும் என்று தெரிந்துவிடும். பத்து மீட்டர் தள்ளி ஒரு சிட்டுக்குருவி, வாலோடு சேர்த்து 15 செ.மீ. என்று வை. 55 மி.மீ.யில் படத்தின் அகலம் அங்கே நான்கு மீட்டர், அதற்குள் குருவியைத் தேடத்தான் வேண்டும். 250-இல் 89 செ.மீ.; குருவி ஆறில் ஒரு பங்கு. 300-இல் 74 செ.மீ.; ஐந்தில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 பிக்சல், ஆக 250-இல் குருவிக்கு ஆயிரம் பிக்சல், 300-இல் ஆயிரத்து இருநூறு. அந்த இருநூறுக்காக 300 தேவையில்லை. 250-ஐ வைத்துக்கொண்டு பத்து மீட்டரிலிருந்து எட்டேகால் மீட்டருக்கு நகர்ந்தால் அதே அளவு வந்துவிடும். நிஜமான தாவல் 55-லிருந்து 250-க்குப் போவதுதான். அதற்கு மேல் உள்ளதெல்லாம் பெட்டியில் அச்சடிக்கும் எண்.

அந்த 75-300-இல் ஸ்டெபிலைசர் இல்லை. இது சின்னக் குறை இல்லை. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம், லென்ஸின் மி.மீ.யைச் சென்சாரின் பெருக்கத்தால் பெருக்கி வரும் எண்ணுக்குக் கீழே போகக்கூடாது. ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாரைவிட உன்னுடையது எத்தனை மடங்கு சின்னது என்பதுதான் பெருக்கம்; கேனனில் அது 1.6. 300-க்கு 480, அதாவது சுமார் 1/500 நொடி. சாயங்காலம் வெளிச்சம் இறங்கிய நேரத்தில் எஃப் 5.6-இல் (எஃப் எண் லென்ஸின் துவார அளவு; எண் சின்னதானால் துவாரம் பெரிது) 1/500 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்வு, 3200 வரை ஏற வேண்டியிருக்கும்; இறகுகள் எல்லாம் அரிசி மாவு தூவியதுபோல ஆகிவிடும். ஸ்டெபிலைசர் மூன்று படி (ஒவ்வொரு படிக்கும் ஷட்டர் இரு மடங்கு மெதுவாகலாம்) தாங்கினால் அதே படத்தை 1/60, ஐஎஸ்ஓ 400-இல் எடுக்கலாம். குருவி அசையாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெபிலைசர் நிறுத்துவது உன் கை நடுக்கத்தை, எதிரே ஓடுகிறவனை இல்லை. விளையாட்டுக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/1600-க்கு மேல் என்பதில் எந்த லென்ஸும் சலுகை தராது.

இன்னொன்று, அந்த லென்ஸ் 300-இல் முழுதாகத் திறந்த நிலையில் மென்மையாகத்தான் எடுக்கும். வானத்துக்கு எதிரே உள்ள கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். எஃப் 8, எஃப் 11 என்று மூடினால் தேறும், ஆனால் ஏற்கெனவே பற்றாத வெளிச்சத்தில் பாதியை, அதிலும் பாதியைத் தியாகம் செய்ய வேண்டும். கடைசியில் அதை 200-லேயே நிறுத்திப் பழகிவிடுவாய். 300 என்று சொல்லி விற்ற லென்ஸ் உன்னிடம் 200 ஆகிவிடும். தவிர, அதன் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் ஒன்றரை மீட்டர். 55-250 எஸ்டிஎம்முக்கு 85 செ.மீ. அந்தத் தூரத்தில் 250-இல் எட்டு செ.மீ. அகலத்துக்கும் குறைவான இடம் படத்தை நிரப்பும். பட்டாம்பூச்சிக்குத் தனி லென்ஸ் தேட வேண்டாம்.

55-250 என்ற பெயரிலேயே மூன்று உண்டு, இங்கேதான் ஏமாறுவார்கள். 2007-இல் வந்தது ஒன்று, 2011-இல் "II" என்று வந்தது இன்னொன்று, 2013-இல் வந்தது எஸ்டிஎம். முதல் இரண்டிலும் ஸ்டெபிலைசர் உண்டு, ஆனால் மோட்டார் பழைய வகை. இரைச்சலோடு மெதுவாகத் தேடும், ஃபோகஸ் செய்யும்போது முன்கண்ணாடி சுழலும், போலரைசர் (பளபளப்பைக் குறைக்கத் திருப்பி வைக்கும் ஃபில்டர்) மாட்டினால் ஒவ்வொரு தடவையும் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். லென்ஸின் மேல் "எஸ்டிஎம்" என்ற எழுத்து இருக்கிறதா என்று உன் கண்ணால் பார். விற்கிறவர் வாயால் சொல்வது போதாது. எடை 375 கிராம், ஃபில்டர் அளவு 58 மி.மீ. ஒரு எச்சரிக்கை: இது சின்ன சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸ். பின்னால் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் வாங்கினால் அதில் மாட்டவே முடியாது. கேனனின் மிரர்லெஸ்ஸில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) அடாப்டரோடு வேலை செய்யும், ஃபுல் ஃபிரேமாக இருந்தால் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும்.

பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது உன் கேமராவையும், சார்ஜ் ஏற்றிய பேட்டரியையும், ஒரு சின்ன டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போ. விற்கிறவர் காட்டும் படத்தை மட்டும் பார்த்து வாங்காதே.

முதலில் இரண்டு மூடியையும் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பார். கேனன் லென்ஸைக் கழற்றி வைத்திருந்தால் அபெர்ச்சர், அதாவது உள்ளே உள்ள துவாரம், முழுதாகத் திறந்தே இருக்கும். பெயரில் ஜி என்று போட்ட நிக்கான் லென்ஸில் பின்னால் உள்ள சின்ன நெம்புகோலைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். நாலைந்து தூசி தெரிந்தால் விட்டுவிடு, தூசி இல்லாத ஜூம் லென்ஸ் கிடையாது. சிலந்தி நூல்போலக் கிளை கிளையாக ஏதாவது படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ், பூஞ்சை. பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடு. அது கண்ணாடியின் பூச்சை அரிக்கும், துடைத்தாலும் தழும்பு நிற்கும். பால் கலந்ததுபோல ஒரே சீராக மங்கலாக இருந்தால் அதுவும் வேண்டாம், வெயிலுக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளுத்துப்போகும். முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இருப்பது பார்க்கத்தான் பயம்; படத்தில் அநேகமாகத் தெரியாது, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் கதை வேறு, அது படத்தில் விழும்.

அடுத்து ஜூம் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பு. மணல் நெரிபடுவதுபோலச் சத்தம் கேட்டாலோ, ஒரே இடத்தில் சிக்கினாலோ வேண்டாம். லேசாகக் குலுக்கும்போது உள்ளே ஏதோ ஆடினால் பதறாதே. மின்சாரம் இல்லாதபோது ஸ்டெபிலைசரின் கண்ணாடி அப்படித்தான் ஆடும். எஸ்டிஎம்மில் ஃபோகஸ் வளையம் கேமரா அணைந்திருக்கும்போது சும்மா சுற்றும், அதுவும் பழுது இல்லை, அந்த வளையம் மோட்டாருக்குக் கட்டளை மட்டும்தான் கொடுக்கிறது.

இப்போது கேமராவில் மாட்டி 250-க்குப் போய் ஷட்டரைப் பாதி அழுத்து. வ்யூஃபைண்டரில் ஆடிக்கொண்டிருந்த காட்சி அரை நொடியில் சட்டென்று நிலைக்க வேண்டும். ஸ்டெபிலைசர் ஸ்விட்சைப் போட்டும் அணைத்தும் இரண்டு தடவை பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிறகு, பெரும்பாலும் யாரும் செய்யாத ஒரு சோதனை: அபெர்ச்சரை எஃப் 11-க்கு மூடி 55, 100, 180, 250 என்று நாலு நிலையிலும் ஒவ்வொரு படம் எடு. ஜூம் வளையம் திரும்பித் திரும்பி உள்ளே போகும் பட்டை ஒயர் அறுந்துபோவது கேனன் ஜூம்களில் தெரிந்த வியாதி. முழுதாகத் திறந்து எடுத்தால் அபெர்ச்சர் தகடுகள் அசையவே வேண்டாம், ஆகவே பழுது வெளியே தெரியாது. மூடி எடுத்தால்தான் "எரர் 01" என்று கேமரா முரண்டு பிடிக்கும். சில சமயம் ஒரு குறிப்பிட்ட ஜூம் நிலையில் மட்டும் வரும், அதனால்தான் நாலு இடத்திலும் எடுக்கச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு செங்கல் சுவரை நேருக்கு நேர் நின்று 250, எஃப் 5.6-இல் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார். நான்கும் நடுவைவிடக் கொஞ்சம் மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் குழைந்திருந்தால் அந்த லென்ஸ் எங்கேயோ விழுந்து உள்கண்ணாடி இடம் மாறியிருக்கிறது. நீ சுவருக்குச் சாய்வாக நின்றாலும் இதே மாதிரிதான் தெரியும், ஆகவே நேராக நின்று இரண்டாவது தடவையும் எடுத்துவிட்டு முடிவு செய்.

உன் அறைத் தோழனுக்கும் சேர்த்துக் கேட்டிருந்தாய். நிக்கானில் 70-300 என்று ஒரு கும்பலே இருக்கிறது. அவன் பார்க்க வேண்டியது 2016-இல் வந்த ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர் (டிஎக்ஸ் என்றால் சின்ன சென்சாருக்கானது, விஆர் என்றால் நிக்கானின் ஸ்டெபிலைசர்); 415 கிராம்தான், கூர்மையும் நல்லது. "விஆர்" என்ற எழுத்து இல்லாத இரட்டைப் பிறவி ஒன்றும் உண்டு, அதைத் தொட வேண்டாம். ஆனால் கேமராவின் மாடலைக் கேட்டுக்கொள். டி90, டி3100, டி5100, டி7000 போன்ற பழையவற்றில் ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே செய்யாது. அவற்றுக்கு ஏஎஃப்-எஸ் 55-300 விஆர் அல்லது 55-200 விஆர் சரி. வெறும் "ஏஎஃப்" என்று போட்ட பழைய 70-300 ஜி இன்னும் மோசமான பொறி: அதில் மோட்டாரே இல்லை, டி3000, டி5000 வரிசைக் கேமராக்களிலும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் கையால்தான் திருப்ப வேண்டும். சோனியின் சின்ன சென்சார் மிரர்லெஸ்ஸுக்கு 55-210 ஓஎஸ்எஸ் (ஓஎஸ்எஸ் சோனியின் ஸ்டெபிலைசர்), நிக்கானின் சின்ன சென்சார் மிரர்லெஸ்ஸான இசட் டிஎக்ஸுக்கு 50-250 விஆர். இந்த இரண்டிலும் யோசிக்க ஒன்றுமில்லை.

500, 800 என்று எண் போட்டு, ஒரு வளையத்தோடு எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும் என்று விற்கும் கையால் திருகும் லென்ஸ்களும் உன் கண்ணில் படும். 420-800 என்று ஒன்று, எஃப் 8.3-இல் தொடங்கும். ஆட்டோஃபோகஸ் இல்லை, ஸ்டெபிலைசர் இல்லை, வ்யூஃபைண்டரில் இருட்டு. கண்ணாமூச்சி விளையாட ஆசை இருந்தால் வாங்கு. 18-300 மாதிரி "எல்லாம் ஒன்றில்" லென்ஸும் வேண்டாம், உன்னிடம்தான் 18-55 இருக்கிறதே. எஃப் 2.8 மலிவாக வராது என்பதற்குக் காரணம் வெறும் வகுத்தல்தான்: 300-ஐ 5.6-ஆல் வகுத்தால் 54 மி.மீ., 2.8-ஆல் வகுத்தால் 107 மி.மீ. முன்னால் அத்தனை அகலக் கண்ணாடி வேண்டும். எடையும் விலையும் அங்கிருந்து வருகின்றன.

வாங்கியதும் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் குழல்) ஒன்று சேர்த்து வாங்கு. இந்த லென்ஸுக்கு இடி-63, பெட்டியோடு வராது. மலிவான யூவி ஃபில்டரை மாட்டாதே. 18-55-இல் தெரியாத அதன் கோணல் 250-இல் நன்றாகத் தெரியும், பாதி பேர் ஃபில்டரை விட்டுவிட்டு லென்ஸைத் திட்டுவார்கள். ஹூட்டே முன்கண்ணாடியை முட்டலிலிருந்து காக்கும். முக்காலியில் வைத்தால் ஸ்டெபிலைசரை அணை.

நடுப்பகலில் தூரத்தில் உள்ளதை எடுத்துவிட்டுப் படம் குழைகிறது என்று எனக்கு எழுதாதே. சூடான தரைக்கு மேல் காற்று அலைகிறது. எந்த விலை லென்ஸாலும் அதைத் துளைக்க முடியாது. காலையில் ஏழு மணிக்கு அதே இடத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு லென்ஸைச் சந்தேகப்படு. நிலாவுக்கு 250, எஃப் 8, 1/250, ஐஎஸ்ஓ 200-இல் தொடங்கு. படத்தில் அறுநூறு பிக்சல் அகலத்துக்குத்தான் வரும், பள்ளங்கள் தெரிய அது போதும். முழு நிலவைவிட அரை நிலவில் எடு, நிழல் விழும் ஓரத்தில்தான் பள்ளம் எடுத்துக்காட்டும்.

செங்கல் சுவர்ப் படத்தையும் எஃப் 11 படங்கள் நான்கையும் எனக்கு அனுப்பு. செய்திச் செயலியில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், கோப்பாக இணைத்து அனுப்பு. கேமராவிலிருந்து வந்த அளவிலேயே இருக்கட்டும், வெட்டாதே. நான் பார்த்துச் சொல்லும்வரை பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா