மோரியார்ட்டியாக நடித்தவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜார்ஜ் ஜூக்கோ அவர்களுக்கு,

1939இல் வந்த 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' படத்தை நேற்று இரவு மறுபடியும் பார்த்தேன். நீங்கள் 1960இலேயே மறைந்துவிட்டீர்கள். ஆனாலும் உங்களுக்குத்தான் எழுதத் தோன்றியது. துப்பறிவாளர் ஹோம்ஸாக நடித்த பேசில் ராத்போனைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் அந்தப் படத்தில் அவருடைய ஹோம்ஸ் அவ்வளவு உயரமாகத் தெரிவதற்குக் காரணம் அவருடைய பரம எதிரியான உங்கள் மோரியார்ட்டி.

எடுத்த எடுப்பிலேயே ஹோம்ஸ் தோற்கிறார். கொலை வழக்கில் உங்களுக்கு விடுதலை. ஹோம்ஸ் ஆதாரத்தோடு ஓடி வருவதற்குள் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்புறம் கொட்டும் மழையில் இருவரும் ஒரே குதிரை வண்டியில் போகிறீர்கள். குரலே உயரவில்லை. ஒருவர் மூளையை ஒருவர் மெச்சிக்கொண்டே, 'உன்னை ஒழிக்காமல் விடமாட்டேன்' என்கிறீர்கள். நண்பர்களுக்குக்கூட இவ்வளவு நெருக்கம் வாய்ப்பதில்லை!

வீட்டுக்குப் போனதும் வாடிப்போன ஒரு செடிக்காக வேலைக்காரரை வறுத்தெடுக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு முதுகு சில்லிட்டது. மனித உயிரைப் பொருட்படுத்தாதவருக்குச் செடி மேல் அத்தனை பாசம். அதை நீங்கள் கொஞ்சமும் மிகைப்படுத்தாமல் செய்தீர்கள்.

உங்கள் திட்டத்தைத்தான் நான் அதிகம் யோசித்தேன். லண்டன் கோபுரத்தில் இருக்கும் அரச நகைகளைத் திருட வேண்டும். அதற்குக் காவலர்களை ஏமாற்றினால் போதாது, ஹோம்ஸின் கவனத்தைத் திருப்ப வேண்டும். புதுப் பொம்மை கிடைத்தால் பழையதைக் கீழே போட்டுவிடும் குழந்தை அவர் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் ஐடா லூபினோ நடித்த ஆன் பிராண்டனைச் சுற்றி விசித்திரமான ஒரு புதிரைக் கட்டி ஹோம்ஸ் முன்னால் வைக்கிறீர்கள். அந்தப் புதிரில் மூழ்கிய அவர், கோபுரத்துக்கு வரும் மரகதத்துக்குக் காவலாகத் தன் நண்பர் வாட்சனை அனுப்பிவிடுகிறார். ஹோம்ஸை வாட்சனைவிட நன்றாகப் புரிந்து வைத்திருந்தது நீங்கள்தான். இன்று வரும் படங்களில் வில்லனிடம் ஆட்களும் ஆயுதங்களும் இருக்கின்றன, எதிராளியைப் பற்றிய இந்த அறிவு இருப்பதில்லை.

ஒரே ஒரு குறை. கோபுரத்தின் உச்சியில் கைகலப்பு, அப்புறம் நீங்கள் கீழே விழுந்துவிடுகிறீர்கள். இவ்வளவு யோசித்தவரை யோசனையால்தானே வீழ்த்தியிருக்க வேண்டும்? எனக்கு மனம் ஆறவில்லை. படம் முடிந்ததும் அந்த வண்டிக் காட்சியை மட்டும் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்